செட் மாத்திரை போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது: இந்த உடம்புவலி எதனால்?

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பதினேழு வருடமாக இதே வேலை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் பிடரியிலும் வலது தோளிலும் வலி ஆரம்பித்தது. இப்போது முதுகு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று உடம்பு முழுக்க வலி. காலையில் எழுந்திருக்கும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. சாயங்காலம் ஆக ஆக இன்னும் அதிகம். ஆர்டர் இருக்கிற நாளில் ஒன்றரை ஷிப்ட். கம்பெனிக்குப் பக்கத்து மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். போடாவிட்டால் எழவே முடியாது. ஒன்றரை வருடமாக அநேகமாகத் தினமும் போடுகிறேன். எடை ஒன்பது கிலோ கூடிவிட்டது, முகம் உப்பியிருக்கிறது. பார்க்கிறவர்கள் “நல்லாத்தானே இருக்கறீங்க” என்கிறார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாதவிலக்கும் முன்னைவிட அதிகமாகப் போகிறது. டாக்டர் எக்ஸ்ரேயும் ‘ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்’ என்று ஒரு டெஸ்டும் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல், ரத்தம் மட்டும் 9.2 என்றார். மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். வீட்டுக்காரர் எல்லாம் மனசுதான் என்கிறார். என் மகளுக்கு 19 வயது; செக்கிங்கில் சேர்ந்து ஒரு வருடம். அவளுக்கும் கழுத்துவலி என்று ஒருநாள் என் மாத்திரையைக் கொடுத்தேன். இது என்ன நோய் டாக்டர்? ஆயுசுக்கும் மாத்திரைதானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இந்தப் பதிலைப் படித்ததும் நீங்கள் செய்துவிடக்கூடிய ஒரு காரியத்தை முதலிலேயே தடுத்துவிடுகிறேன். செட் மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

காகிதப் பொட்டலத்தில் உதிரியாகக் கொடுக்கப்படும் செட்டில் பெரும்பாலும் மூன்று நான்கு மாத்திரைகள் இருக்கும். ஒன்று டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி. இன்னொன்று வயிற்றெரிச்சலுக்கு. ஒன்று ஏதாவது சத்து மாத்திரை. இவற்றோடு சின்னதாக ஒன்று இருக்கும். பல கடைகளில் அது டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று, அதாவது ஸ்டீராய்டு. அட்டையில்லாமல் உதிரியாகத் தருவதால் பெயர் தெரிய வழியில்லை. உங்கள் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்பது கிலோ எடை, உப்பிய முகம், ஊன்றாமல் எழ முடியாத தொடை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது என் சந்தேகம் அந்தச் சின்ன மாத்திரையின் மீதுதான் போகிறது. பார்க்கிறவர்கள் “நல்லாத்தானே இருக்கறீங்க” என்று சொல்லும் அந்த முகத்தைத்தான் ஒரு மருத்துவர் பார்த்ததும் “என்ன மாத்திரை போடுகிறீர்கள்?” என்று கேட்டிருக்க வேண்டும்.

நம் சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் என்று இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தேவையான கார்டிசாலை அவைதான் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அவை வேலையைக் குறைத்துக்கொள்ளும். மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே இது நடக்கலாம். நீங்கள் ஒன்றரை வருடமாக எடுக்கிறீர்கள். திடீரென்று நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. அசதி, தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். மிக மோசமாகப் போனால் உயிருக்கே ஆபத்து. இதோடு கடுமையான தசைவலியும் மூட்டுவலியும் வரும் என்பதை நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். “போடாவிட்டால் எழவே முடியாது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வலியில் ஒரு பங்கு உங்கள் பழைய வலியே அல்ல. மாத்திரை கிடைக்காத உடம்பின் வலி. அதை நோய் என்று நினைத்து மறுபடி அதே மாத்திரையைப் போடுகிறீர்கள். இந்தச் சுழலில் உங்களைப் போல எத்தனையோ பெண்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பலவீனத்தால் வந்ததில்லை இது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்றவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனவே நாளை காலை கூடுதலாக ஒரு செட்டை வாங்கி, அதைப் போடாமல், பொட்டலத்தோடு ஒரு பொதுநல மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வழக்கமாகப் போடுவதை அன்று விட்டுவிட வேண்டாம். எத்தனை மாதமாக, வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதியே கொடுங்கள். ஸ்டீராய்டு என்று உறுதியானால், பெயர் தெரிந்த ஒரே மாத்திரைக்கு உங்களை மாற்றி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவார். இடையில் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்து கார்டிசால் அளவைப் பார்ப்பார். குறைக்கும் காலத்தில் கொஞ்சம் வலி கூடும். தாங்க முடியாமல் போனால் மருத்துவரிடம் போங்கள், மெடிக்கலுக்குப் போகாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும். இரண்டையும் ஏற்றிவிடக்கூடியது ஸ்டீராய்டு. ஒன்றரை வருடம் என்பதால் எலும்பின் அடர்த்தியையும் கண்புரையையும் பற்றிக் கேளுங்கள்.

செட்டில் இருக்கும் வலிநிவாரணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தையல் லைனில் இருக்கும் பெண்கள் பலர் கழிவறைக்கு அடிக்கடி போகக் கூடாதே என்று தண்ணீர் குடிப்பதில்லை. நீங்களும் அப்படியா என்று தெரியவில்லை. தண்ணீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் தினமும் போனால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிவதும் உண்டு. உங்கள் ரத்தம் 9.2 ஆனதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். மலம் தார் நிறத்தில் கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அவசியம். இந்த வலிநிவாரணியை நிறுத்த ஸ்டீராய்டைப் போலப் படிப்படி தேவையில்லை. மருத்துவரைப் பார்த்த அன்றே நிறுத்திவிடலாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது என்ன நோய்?

தசைவலி ஒரு நோயின் பெயரல்ல. மாதக்கணக்கில் தசை வலிப்பதற்குக் காரணங்கள் பல. ஒருவரிடமே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம். எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்டாலே பாதிப் பாதை தெளிந்துவிடும். வலி எங்கே: ஒரு பக்கமா, உடம்பு முழுக்கவா? எப்போது: காலையில் எழும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பா, உழைக்க உழைக்கக் கூடுகிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. வலி மட்டுமா, பலமும் குறைந்திருக்கிறதா?

உங்களுக்கு எடுத்த ‘ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்’ இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. அதில் வழக்கமாக இருப்பவை ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., சி.ஆர்.பி., யூரிக் அமிலம். ஏறக்குறைய எல்லாமே மூட்டை மனதில் வைத்துக் கேட்கும் கேள்விகள். வலிப்பது தசை, பார்த்தது மூட்டு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசையின் சங்கடம் தெரியாது. ஆகவே “எல்லாம் நார்மல்” என்றால், கேட்ட கேள்விகளுக்கு விடை ‘இல்லை’ என்று வந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருளில்லை. இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, தரையிலிருந்து ஊன்றாமல் எழ முடியவில்லை என்பது. வலியால் எழ முடியாமல் போவது வேறு, தொடைத் தசைக்குப் பலமே இல்லாமல் போவது வேறு. வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். வலித்தாலும் எழ முடிந்தால் பலம் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப் பார்த்தும் இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பாவிட்டால் அது பலவீனம். தலைவாரக் கையை உயர்த்தும்போது தோள் சோர்ந்து இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். இந்த இடங்களில் பலம் குறைவதற்கு உங்கள் விஷயத்தில் மூன்று காரணங்களைச் சந்தேகிக்கிறேன்.

ஒன்றை ஏற்கெனவே சொன்னேன்: நீண்டநாள் ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைக்கும். வலி அதிகம் தராமலேயே இளைக்கச் செய்யும்.

இரண்டாவது வைட்டமின் டி குறைபாடு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதுவா என்று கேட்பீர்கள். கம்பெனி வேனில் காலையில் ஏறி, டியூப்லைட்டுக்கு அடியில் பகல் முழுக்க உட்கார்ந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு வெயில் எங்கே கிடைக்கிறது? இந்தக் குறைபாடு முற்றினால் எலும்பு மென்மையாகிவிடும். இடுப்பு, தொடை, விலா என்று இடம் சொல்ல முடியாத ஆழமான வலி இருக்கும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பை விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். படியேறவும் தரையிலிருந்து எழவும் சிரமப்படும். 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. கூடவே கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் பார்த்தால் எலும்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். சிகிச்சை எளிது. 60,000 யூனிட் உள்ள மருந்தை வாரம் ஒருமுறை, எட்டு வாரங்களுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகோ பாலிலோ எடுக்கச் சொல்வது வழக்கம். இதைத் தினமும் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு என்று போய்விடும். வலி பறந்துவிடும் என்று சொல்லி ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இளவெயிலில் நிற்பதால் வைட்டமின் டி அவ்வளவாகக் கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் அதற்கு உதவும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் வராது.

மூன்றாவது தைராய்டு. எடை கூடுவது, அசதி, தசைப்பிடிப்பு, உங்கள் வயதில் மாதவிலக்கு அதிகமாவது என எல்லாவற்றையும் தைராய்டு குறைவு தனியாகவே கொண்டுவர முடியும். மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை இருக்கிறதா? தைராய்டுக்கான டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இத்தனை நாள் உடம்புவலியோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே சி.பி.கே. என்ற தசை நொதியையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் பிரித்தறிய அது உதவும். தைராய்டு குறைவில் அது பெரும்பாலும் ஏறியிருக்கும். ஸ்டீராய்டால் வரும் பலவீனத்திலும் வைட்டமின் டி குறைவிலும் ஏறாது. பல மடங்கு ஏறியிருந்தால் தசை அழற்சி நோய்களைத் தேட வேண்டிவரும். அதை மூட்டு-தசை நோய்களுக்கான ருமடாலஜி நிபுணர் பார்ப்பார்.

9.2 என்ற ஹீமோகுளோபினைப் “மட்டும்” என்று விட்டுவிட முடியாது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லோருக்கும் இருக்கிறதே என்பதாலேயே மருத்துவர்கள்கூட இதைக் கண்டுகொள்ளாமல் போகிறோம். ஆக்சிஜன் குறைவாக வரும் தசை சீக்கிரம் களைக்கும், களைத்த தசை வலிக்கும். ராத்திரி படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச்சத்துக் குறைவில் அதுவும் வரும், தூக்கம் போய்விடும். இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் டீயோடு சேர்க்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக ஏறும். ஆனால் ரத்தம் எதனால் போகிறது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை. மாதவிலக்கு அதிகமாகப் போவதற்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

இவ்வளவும் உடம்புக்குள் இருப்பவை. ஆனால் உங்கள் வலி ஆரம்பித்தது பிடரியிலும் வலது தோளிலும். அதற்கான காரணம் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் இருக்கிறது.

அந்த வேலையில் தலை ஊசியைப் பார்த்து முன்னால் குனிந்திருக்கும். இரண்டு கைகளும் துணியைத் தள்ளிக்கொடுக்க முன்னால் நீட்டியிருக்கும். மேஜை உயரமாக இருந்தால் தோள்கள் காதை நோக்கி ஏறிவிடும். கனமாக எதையும் தூக்கவில்லை. அதனால் இதில் என்ன உழைப்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் தசைக்கு மட்டும் ஒரு நொடி விடுப்பு இல்லை. அதிலும் அந்தத் தசையின் சில நுண்ணிய இழைகள் சின்ன வேலைக்கும் முதலில் அழைக்கப்படுகின்றன, எல்லா வேலையும் முடிந்த பிறகே விடுவிக்கப்படுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிற மருமகளின் நிலைமைதான் அவற்றுக்கு. ஒன்றரை ஷிப்டில் அவை ஓய்ந்து மீள நேரமே கிடைப்பதில்லை. நாளடைவில் அந்த இடத்தில் தசை நார் இறுகி, தோளைப் பிசைந்தால் விரலுக்குக் கீழே கயிறு போல ஓடும். அதில் ஒரு புள்ளியை அழுத்தினால் “அங்கேதான்” என்று துள்ளிவிடுவீர்கள். அழுத்தும் இடம் தோள், வலி ஏறுவது கழுத்தோரமாகப் பொட்டுவரை. உங்களுக்கு அடிக்கடி ஒருபக்கத் தலைவலி இருந்தால் அதன் ஊற்று இதுவாக இருக்கலாம். இந்தப் புள்ளிகளை உடம்பு முழுக்க வரைபடமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் அவர். நாட்டை ஆண்டவருக்கும் தையல் மெஷினில் இருப்பவருக்கும் தசை ஒன்றுதான். கென்னடியின் வலியை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று பீஸ் ரேட்டில் இருப்பவரிடம் சொல்வது வெறும் பேச்சு. அதனால் வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பண்டில் முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் இரண்டு கைகளையும் மடியில் போட்டு, தோள்களைக் கீழே தொங்கவிட்டு, நிதானமாக மூன்று மூச்சு விடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த இழைகளுக்குக் கிடைக்கும் விடுப்பு அதுதான். நாளில் நாற்பது ஐம்பது தடவை கிடைத்தால் பெரிய வித்தியாசம். உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் அது மேஜைப் பலகையின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் ஸ்டூலின் மேல் கெட்டியான திண்டு போட்டு உயர்த்துங்கள். உயர்த்தியதும் கால் பெடலில் எட்டாமல் தொங்கினால் கெண்டைக்காலில் வலி கூடும், பெடலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தரையில் இருக்கும் பண்டிலை உட்கார்ந்தபடி திரும்பிக் குனிந்து எடுப்பதுதான் இடுப்பைக் கெடுப்பது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இது சலுகை கேட்பதாகாது. தோள் வலிக்காத டெய்லரின் கை வேகமாகப் போகும் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும். இறுகிய தோளுக்கு ராத்திரி பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடமும் நல்லெண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதும் இதமானவை. சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைச் சொடுக்குகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

காலையில் எழும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து சமைத்து, காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தால் கணக்கு எனக்கே தெரிகிறது. 1975இல் டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவர், நோயற்ற ஆட்களை முழுவதும் எழுப்பிவிடாமல், ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சத்தம் எழுப்பிக் கலைத்துப் பார்த்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்புவலியும் அழுத்தினால் நோகிற தசைகளும் வந்தன. தூக்கம் கெட்டால் வலியை அடக்கிவைக்கும் மூளையின் ஏற்பாடு தளர்ந்துபோகிறது. வலியும் தூக்கக்கேடும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்தால், சாதாரணத் தொடுதலையும் உழைப்பையும்கூட நரம்பு மண்டலம் வலியாகவே வாசிக்கத் தொடங்கிவிடும். உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி என்று மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த நிலைக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். பெண்களில்தான் அதிகம். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனாலும் உண்மையான நோய். உங்கள் வீட்டுக்காரர் ‘மனசுதான்’ என்கிறார். மனம் நொந்தால் வலி கூடுவது உண்மைதான். அதனால் வலி பொய்யாகிவிடாது.

உங்களுக்கு அது இருக்கிறது என்று இப்போதே முத்திரை குத்த மாட்டேன். மேலே சொன்ன ஸ்டீராய்டு, வைட்டமின் டி, தைராய்டு, ரத்தசோகை நான்கும் சரியான பிறகும் பரவலான வலி மிஞ்சினால்தான் அந்தப் பேச்சு. அப்படியே இருந்தாலும் அதற்கு வலிநிவாரணியும் ஸ்டீராய்டும் உதவுவதில்லை. தினசரி நடையும், தேவைப்பட்டால் ராத்திரி குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தும்தான் உதவுகின்றன. மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். நடையைப் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடுவது போலத் தோன்றும், அதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம். வாரத்துக்கு ஓரிரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாத, ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்குப் பொருந்தக்கூடிய காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவர்களில் சிலருக்கு ஆரம்ப மாதங்களில் தொடையும் தோளும் வலிக்கும். மாரடைப்பைத் தடுக்கும் மருந்து என்பதால் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். ஐம்பதைத் தாண்டியவருக்குத் திடீரென்று இரண்டு தோளும் இடுப்பும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற நோயா என்று ஈ.எஸ்.ஆர். பார்க்க வேண்டும், அதோடு தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் கவ்விப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கவனிக்கவும். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் வலி நீடிப்பது நம் ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். விழுங்கச் சிரமம், நாளுக்கு நாள் கூடும் பலவீனம், கறுத்துப்போன சிறுநீர், காய்ச்சலோடு எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால் சதவீதம் பிடித்திருப்பார்கள். இருந்தால் நான் சொன்ன பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஆரம்பியுங்கள். மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஸ்டீராய்டைக் குறைக்கும் முதல் சில வாரங்கள் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும். ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் டி பரிசோதனை அங்கே இல்லாமல் போனால் அதை மட்டும் வெளியில் எடுத்துக்கொள்ளலாம். நூறு பரிசோதனை அடங்கிய பேக்கேஜ் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அசதிக்குக் குளுக்கோஸ் பாட்டிலும் ‘நரம்பு ஊசி’யும் வேண்டவே வேண்டாம்.

ஆயுசுக்கும் மாத்திரையா என்றால், செட் மாத்திரை ஆயுசுக்கும் இல்லை. தைராய்டு குறைவு உறுதியானால் அதற்கான மாத்திரை பெரும்பாலும் நீண்டநாள் தொடரும். அது உடம்பில் குறைந்ததை ஈடுகட்டுவது, பயப்பட வேண்டியதில்லை. வைட்டமின் டியும் இரும்பும் சில மாதக் கணக்கு. தொடையின் பலம் திரும்ப ஆறு மாதம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

மகளுக்குக் கொடுத்த ஒரே ஒரு நாள் மாத்திரையால் பெரிய கேடு வந்திருக்காது, அதையே நினைத்து வருந்த வேண்டாம். இனி கொடுக்காதீர்கள். செக்கிங் டேபிளில் அவள் நின்றபடி குனிந்துதான் பார்ப்பாள். டேபிளை முழங்கை உயரத்துக்கு ஏற்ற முடியுமா, விளக்கு துணியின் மேல் நேராக விழுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் கழுத்து தானாகக் குனியும். வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கும் நேரமும் அதே கழுத்தின் கணக்கில்தான் சேரும். உங்களுக்கு ரத்தம் எடுக்கப் போகும் நாளில் அவளையும் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அறிக்கைகள் வந்ததும், எந்த மாத்திரை என்று மருத்துவர் சொன்ன பெயரையும் சேர்த்து, எனக்கு மறுபடி எழுதுங்கள்.